பதாத் நெல் படிவயல்களுக்குப் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் மக்களே. ஜூலை முதல் வாரம் அம்மாவோடு பிலிப்பைன்ஸ் போகிறேன். மணிலாவிலிருந்து இரவுப் பேருந்தில் பனாவே, அங்கிருந்து சாலை முடியும் இடம்வரை ஜீப்னி (அங்கத்திய பங்கு வண்டி), அப்புறம் நடந்தே பதாத். 1995இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த, மலைச்சரிவில் படிபடியாக அமைத்த நெல்வயல்களில் இதுவும் ஒன்று.

சந்தேகம் நடையில்தான். அம்மாவுக்கு 61 வயது. வயல்வேலை பார்த்தவர், வரப்பு புதிதல்ல. ஆனால் அங்கே வரப்பு என்பதே கல்சுவரின் விளிம்பு; ஒரு பக்கம் சேறு, மறுபக்கம் ஆளுயரப் பள்ளம். கைப்பிடியெல்லாம் கிடையாது. தப்பியா அருவிவரை இறங்கி ஏற முழங்கால் தாங்குமா, படிகளைப் பார்த்துவிட்டுத் திரும்புவதே நல்லதா? உள்ளூர் வழிகாட்டிக்கு இப்போது என்ன கூலி?

இன்னொன்று. அங்கே ஆண்டுக்கு ஒரே போகம், தினாவோன் நெல். ஜூன், ஜூலையில்தான் அறுவடை. அந்த மலைப்பகுதி மக்களான இஃபுகாவ் பெண்கள் அப்போது பாடும் ஹுட்ஹுட் பாட்டைக் கேட்க அம்மாவுக்கு ஆசை. பயணிகளுக்காக உடை மாட்டி ஆடுவது வேண்டாம் (அதில் எனக்கே கூச்சம்). நிஜ அறுவடையில் ஓரமாக நிற்க விடுவார்களா, யாரிடம் அனுமதி கேட்பது? நெல்லைக் காக்கும் புலுல் மரச்சிலையைப் படம் எடுத்தால் தப்பாக நினைப்பார்களா?

தங்கும் வீட்டாருக்கு இங்கிருந்து என்ன கொண்டுபோகலாம் என்பதையும் சொல்லுங்கள். அம்மா முறுக்கு என்கிறார்.