கலைச்சொல் வேண்டல்: மூத்த கன்ட்ரி பாடகர் ப்ளூஸ் பக்கம் போவதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

அனைவருக்கும் வணக்கம்.

அமெரிக்கத் தெற்கின் கிராமிய இசையான கன்ட்ரியில் பேர் பெற்ற ஹாங்க் வில்லியம்ஸ் ஜூனியரைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். சிறுவயதில், கன்ட்ரி பாடகரான அப்பா ஹாங்க் வில்லியம்ஸின் பாட்டுகளைப் பாடி மேடையேறியவர். 1987, 1988 என இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து அமெரிக்க கன்ட்ரி இசைச் சங்கத்தின் மிகப் பெரிய விருதை வாங்கியவர். அவர் 2022 ஜூனில், 73 வயதில், 'ரிச் வைட் ஹாங்கி ப்ளூஸ்' என்றொரு ப்ளூஸ் தொகுப்பை வெளியிட்டார். தயாரித்தவர் 'த பிளாக் கீஸ்' ராக் குழுவின் டான் ஆவர்பாக். உடன் வாசித்தவர்களில் கென்னி பிரவுன், எரிக் டீட்டன், கின்னி கிம்ப்ரோ ஆகியோர் மிசிசிப்பியின் வடக்குக் குன்றுப் பகுதி இசையில் ஊறியவர்கள். பாட்டுகளில் பல லைட்னின் ஹாப்கின்ஸ், ஆர். எல். பர்ன்சைட், ஜிம்மி ரீட் போன்ற கறுப்பினக் கலைஞர்களுடையவை.

கேட்கக் கேட்க எழுத வேண்டும் என்று கை பரபரக்கிறது; எழுத உட்கார்ந்தால் சொல் இல்லை. கறுப்பின அமெரிக்கர்களின் இசையான 'ப்ளூஸ்' என்பதை முன்பொரு பத்திரிகையில் 'நீல இசை' என்று போட்டிருந்தார்கள். 'ராக்' என்பதைப் 'பாறை இசை' என்றும் பார்த்திருக்கிறேன். இரண்டும் என் பேனாவிலிருந்து வர மறுக்கின்றன. 'கன்ட்ரி'யை 'நாட்டுப்புற இசை' என்றால் நம் தெம்மாங்கும் ஒப்பாரியும் அல்லவா கண்முன் வருகின்றன?

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாக வேண்டியது ஒரு சொல். ஆயுள் முழுவதும் ஒரு வகையில் பேர் வாங்கிய பாடகர், வயதான பிறகு இன்னொரு வகைக்குப் போகிறார். அந்தப் போக்குக்கு என்ன பெயர்? 'தடமாற்றம்' என்று எழுதிப் பார்த்தேன், ரயில்வே அறிவிப்பு போல இருக்கிறது. 'பாணி மாற்றம்' என்றால் சட்டை மாற்றியது போல ஆகிவிடுகிறது. உதவுங்கள்.

அன்புடன்

-----

அம்மா,

நீங்கள் மறுத்தது சரி. 'பாறை இசை' என்பது ஒலியொப்புமையில் விழுந்த குழி. அந்த 'ராக்' ஆடுவது, அசைவது என்ற வினை. கல் அதில் எங்கேயும் இல்லை. 'ப்ளூ'வும் அப்படியே, அங்கே அது மனச்சோர்வைக் குறிக்கிற வழக்கு. நிறப்பெயரைத் தமிழாக்கினால் சொல்லின் தோல் மட்டும் வரும்.

ப்ளூஸுக்கு நம்மிடம் ஒரு சொல் காத்திருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது: விளரி. நெய்தல் நிலத்துப் பண். நெய்தலின் உரிப்பொருள் இரங்கல். துயரத்தைப் பாடுகிற ஓர் இசைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் எங்கே கிடைக்கும்? 'விளரியிசை' என்று வைத்துப் பாருங்கள்.

நீங்கள் கேட்ட போக்குக்கு, பழைய இலக்கணத்திலிருந்தே 'திணைமயக்கம்' என்பதை எடுக்கலாம். ஒரு திணையில் நின்றவர் இன்னொரு திணையின் ஒழுக்கத்தைப் பாடுகிறார். தொல்காப்பியம் இதைத் தடுக்கவில்லை.

-----

ஐயாவுக்கு வணக்கம். நான் பதினைந்து வருடமாகக் கிதார் வாசிப்பவன். இலக்கணத்தில் உங்கள் முன் நிற்க எனக்குத் தகுதியில்லை. ஆனால் 'விளரியிசை' வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ப்ளூஸ் இரங்கல் மட்டுமல்ல. ஜூனியர் கிம்ப்ரோ என்பவர் மிசிசிப்பியில் ஹாலி ஸ்பிரிங்ஸ் அருகே ஓர் ஆட்டக்கொட்டகை நடத்தினார். கின்னி கிம்ப்ரோவின் அப்பா அவர். அங்கே சனம் குடித்து, ஆடி, வியர்த்து, சிரித்தது. அந்த வட்டாரத்து இசையில் சுரக்கூட்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) அதிகம் மாறாது. ஒரே சொற்கட்டு, அதாவது ஒரே சிறு இசைத்துண்டு, சுழன்று சுழன்று வரும், கால் தானாக ஆடும். அதற்கு இரங்கல் என்று பெயரிட்டால் பாதி உயிர் போய்விடும். தவிர, விளரி நம் நெய்தல் மணலில் பிறந்த பெயர். பருத்திக்காட்டில் அடிமைகளின் பிள்ளைகள் உண்டாக்கிய இசைக்கு அவர்கள் வைத்த பெயரே இருக்கட்டும். கஸலை கஸல் என்கிறோம், ஹைக்கூவை ஹைக்கூ என்கிறோம். ப்ளூஸும் ப்ளூஸாகவே இருக்கட்டும், கன்ட்ரியும் ராக்கும் அப்படியே.

கைவேலைக்கான சொற்களில்தான் தமிழ் வேண்டும். அங்கே ஐயாவின் உதவி தேவைப்படுகிறது.

ஒன்று, ப்ளூஸில் மூன்றாம் சுரம் ஒரே இடத்தில் நிற்காது. நம் கணக்கில் தாழ்ந்த சாதாரண காந்தாரத்துக்கும் உயர்ந்த அந்தர காந்தாரத்துக்கும் நடுவில் எங்கேயோ நெளியும். ஏழாவதும் ஐந்தாவதும்கூட அப்படி இறங்கித் தொங்கும். இதையும் 'நீலச் சுரம்' என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு வேறு சொல் வேண்டும்.

இன்னொன்று, விரலில் ஒரு கண்ணாடிக் குழாயோ உலோகக் குழாயோ மாட்டிக்கொண்டு தந்தியின் மேல் நழுவவிடும் முறை. 1903 வாக்கில் மிசிசிப்பியில் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைத் தந்தியில் அழுத்தி வாசித்ததைக் கேட்டதாக ப்ளூஸ் இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹாண்டி எழுதியிருக்கிறார். கென்னி பிரவுன் இந்த முறையில் பெரிய கை. பர்ன்சைடுடன் பல வருடம் வாசித்தவர்.

இதில் சுவாரசியம் என்னவென்றால் கன்ட்ரியிலும் இதே நழுவல் உண்டு. அங்கே வாத்தியத்தைக் கிடத்தி வைத்து மேலே எஃகுக் கட்டையை ஓட்டுவார்கள். ஹவாயிலிருந்து வந்த பழக்கம். ஒரே செயல், இரண்டு வகைகளில் இரண்டு பெயர். தமிழில் ஒரே வேரிலிருந்து இரண்டுக்கும் சொல் செய்ய முடிந்தால், ஆங்கிலம் பிரித்து வைத்ததை நாம் சேர்த்து வைத்தவர்களாவோம்.

-----

தம்பி,

நீங்கள் சொன்ன ஆட்டக்கொட்டகைக்கு முன் என் விளரி நிற்காது. திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

நெளியும் சுரத்துக்கு 'மயங்குசுரம்' என்று சொல்லிப் பார்க்கிறேன். மயங்குதல் என்றால் இங்கே குழம்புதல் இல்லை, கலந்து நிற்றல். உருபு மயக்கம், கால மயக்கம் என்று இலக்கணத்தில் ஆள்கிறோமே, அந்தப் பொருள். இரண்டு காந்தாரங்களும் ஒன்றில் ஒன்று மயங்கி நிற்பதால் மயங்குசுரம். தமிழிசையில் அந்த மூன்றாம் சுரத்தின் பெயர் கைக்கிளை. அகப்பொருளில் அதே சொல் ஒருதலைக் காமத்துக்கும் பெயர். ப்ளூஸில் அதிகம் நெளிகிற சுரத்துக்கு நம்மிடம் இருக்கும் பெயர் இது என்பதை இன்று காலை முழுதும் நினைத்துக்கொண்டே இருந்தேன்.

நழுவலுக்குக் கர்நாடக இசையில் 'ஜாரு' உண்டு. ஆனால் அது கமகத்தின், அதாவது சுரத்தை அசைக்கும் முறையின், பெயர். கையில் பிடிக்கும் பொருளுக்கு ஆகாது. கோட்டுவாத்தியம் வாசிக்கிறவர்கள் கருங்காலிக் கட்டையைத் தந்தி மேல் ஓட்டுகிறார்கள். பேச்சில் அதைக் 'கட்டை' என்றே சொல்லலாம். ஆகவே விரலில் மாட்டுவது 'நழுவுகுழல்', கிடத்தி ஓட்டுவது 'நழுவுகட்டை'. வேர் ஒன்று, வடிவம் இரண்டு.

ப்ளூஸ், ராக் இரண்டையும் சேர்த்துச் சொல்லும்போது வெறுமனே அடுக்காமல் 'ப்ளூஸ்வழி ராக்' என்றால் எது தலை, எது வழி என்பது தெரியும். செவ்வழி என்ற பழைய பண்ணின் பெயரில் வருகிற 'வழி'தான்.

-----

எல்லோருக்கும் வணக்கம். இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். முதல் மடலில் அக்கா கேட்ட சொல் இன்னும் கிடைக்கவில்லை. 'திணைமயக்கம்' பற்றி எனக்கொரு தயக்கம்.

இரண்டு திணை மயங்க வேண்டுமென்றால் முதலில் அவை இரண்டாக இருக்க வேண்டும். கன்ட்ரியும் ப்ளூஸும் அப்படிப் பிரிந்தவைதானா? 1920களில் இசைத்தட்டு விற்றவர்கள் கறுப்பர் வாங்கும் தட்டுகளை ஒரு பட்டியலிலும் தெற்கத்தி வெள்ளையர் வாங்கும் தட்டுகளை இன்னொரு பட்டியலிலும் போட்டார்கள். கடைக்காரர் போட்ட கோடு அது. பாடினவர்கள் அதை மதிக்கவில்லை. கன்ட்ரியின் முதல் பெரிய நட்சத்திரம் ஜிம்மி ராஜர்ஸ், மிசிசிப்பிக்காரர். 1927லிருந்து அவர் 'ப்ளூ யோடல்' என்று எண் போட்டு 13 பாட்டுகள் பாடினார். முதல் அடியைத் திருப்பிப் பாடி மூன்றாம் அடியில் முடிக்கிற ப்ளூஸ் கட்டமைப்பை அவற்றில் கேட்கலாம். ஒன்பதாவது பாட்டில், 1930இல், அவருக்கு எக்காளம் வாசித்தவர் கறுப்பின ஜாஸ் கலைஞர் லூயி ஆம்ஸ்ட்ராங்.

ஜூனியரின் அப்பா ஹாங்க் வில்லியம்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். அலபாமாவில் சிறுவனாக இருந்தபோது அவருக்குக் கிதார் சொல்லிக்கொடுத்தவர் ரூஃபஸ் பெய்ன் என்ற கறுப்பினத் தெருப்பாடகர். 'டீ டாட்' என்று கூப்பிடுவார்கள். 1939இல் இறந்துபோனார். அவர் குரலில் ஒரு ஒலிப்பதிவுகூட நமக்குக் கிடைக்கவில்லை. மாணவர் பத்தே ஆண்டில் 'லவ்சிக் ப்ளூஸ்' பாடி நாடெங்கும் பேர் வாங்கினார்.

அப்படியிருக்க, மகன் 73 வயதில் ப்ளூஸ் பாடுவது வேறு திணைக்குப் போவதா? அப்பாவின் ஆசிரியர் வீட்டுக்குப் போவதா?

-----

தங்கச்சி, உங்கள் மடலைப் படித்ததும் 'வேர்திரும்பல்' என்று எழுதி வைத்தேன். 'தாய்வீடு திரும்பல்' என்றும் எழுதினேன். அழகாக இருந்தன. இரவு படுத்த பிறகு உறுத்தியது.

தாய்வீடு என்றால் அது அவருடைய வீடு என்று ஆகிவிடுகிறது. அது பெய்னின் வீடு, பர்ன்சைடின் வீடு, கிம்ப்ரோவின் வீடு. வெள்ளை நட்சத்திரம் ஒருவர் உள்ளே வந்து பாடுகிறார். தொகுப்புக்குத் தானே வைத்த பெயரில் 'பணக்கார வெள்ளைக்காரன்' என்று தன்னைச் சொல்லிக்கொள்கிறார். வந்தவரே ஒப்புக்கொண்ட விஷயத்தைக் கலைச்சொல் மறைத்துவிடக் கூடாது. 'திரும்பல்' என்றால் உரிமை கொண்டாடுகிறது. 'மாற்றம்' என்றால் உறவையே வெட்டிவிடுகிறது. எனக்கு இரண்டும் இல்லாத ஒன்று வேண்டும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. இவருக்கு இது முதல் திருப்பமில்லை. 1975இல், அப்பாவின் நிழலிலிருந்து வெளியேறத் தெற்கத்தி ராக் கலைஞர்களோடு ஒரு தொகுப்பு செய்தார். சார்லி டேனியல்ஸ், டாய் கால்டுவெல் எல்லாம் அதில் உண்டு. அதே ஆண்டு ஆகஸ்டில் மொன்டானாவில் ஏஜாக்ஸ் சிகரத்திலிருந்து விழுந்து முகம் சிதைந்து, பல அறுவைகளுக்குப் பிறகு மீண்டு வந்தார். தாடியும் கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் அந்தத் தழும்புகளை மறைக்க வந்தவை. அப்போது அவர் போனது தனக்கென ஒரு குரல் தேடி, தன் தலைமுறையின் பக்கம். 2022இல் போனது தனக்கு முந்தியவர்களின் பக்கம். இரண்டையும் ஒரே சொல்லால் சொன்னால் என் கட்டுரையே படுத்துவிடும்.

-----

அம்மா,

நான் முன்பு தொல்காப்பியத்தைப் பாதிதான் சொன்னேன். திணை மயங்கலாம் என்று விட்டவர், அடுத்ததாக நிலம் மயங்காது என்று கட்டிவைக்கிறார். நீங்கள் சொல்வதும் அதுவே என்று இப்போது புரிகிறது. பாட்டு கலக்கலாம், மண் யாருடையதோ அவருடையதுதான்.

'ஊற்றுநாடல்' என்றால் எப்படி இருக்கும்? ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் இருந்தவர் ஊற்றைத் தேடிப் போகிறார். ஊற்று தன்னுடையது என்று அவர் சொல்லவில்லை. தான் குடித்த நீர் எங்கிருந்து வந்தது என்பது மட்டும் அவருக்குத் தெரிகிறது. நாடுதல் என்பதில் அடக்கமும் இருக்கிறது. வினையாகவும் வரும்: ஊற்றுநாடினார், ஊற்றுநாடிய தொகுப்பு.

-----

ஐயா, அருமை. வேறு ஆட்களுக்குப் பொருந்துகிறதா என்று போட்டுப் பார்த்தேன்.

கன்ட்ரி பாடகர் வில்லி நெல்சன் 2000இல், 67 வயதில், 'மில்க் கௌ ப்ளூஸ்' தொகுப்பைச் செய்தார், ப்ளூஸ் கலைஞர் பி. பி. கிங்கும் அதில் பாடியிருக்கிறார். பொருந்துகிறது. இன்னொரு கன்ட்ரி பாடகர் ஸ்டீவ் ஏர்ல் 2015இல் செய்த 'டெராப்ளேன்', பழைய ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் ஒரு பாட்டிலிருந்து பெயர் எடுத்த ப்ளூஸ் தொகுப்பு. பொருந்துகிறது.

கன்ட்ரி பாடகர் ஜானி காஷ் பொருந்தவில்லை. அவரும் கடைசிக் காலத்தில் திரும்பினார், ஆனால் 2002இல் அவர் எடுத்துப் பாடிய 'ஹர்ட்' தனக்குப் பல வயது இளைய ராக் குழுவின் பாட்டு. ஊற்றின் பக்கம் போகாமல் நுனியின் பக்கம் போனார். அதற்கு 'தளிர்நாடல்' என்று ஒரு ஜோடிச் சொல் வைத்துக்கொள்ளலாமா? பொருந்தாத இடத்தில் பொருந்த மறுக்கிறதே, அதனால்தான் ஊற்றுநாடல் எனக்குப் பிடித்திருக்கிறது.

-----

அனைவருக்கும் நன்றி. 'தளிர்நாடல்' என்பதை இந்தக் கட்டுரையில் ஆளமாட்டேன், ஆனால் குறித்து வைத்துக்கொண்டேன். 1975 திருப்பத்தைப் பெயரிடாமல் நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன். ஒவ்வொரு நிகழ்வுக்கும் கலைச்சொல் தேவையில்லை.

திருத்திய பத்தி இது:

"அப்பாவுக்குக் கிதார் சொல்லிக்கொடுத்த ரூஃபஸ் பெய்னின் குரல் எந்த இசைத்தட்டிலும் இல்லை. மகன் அந்தக் குரலின் அக்கம்பக்கத்தைத் தேடி மிசிசிப்பிக் குன்றுகளின் கலைஞர்களோடு உட்கார்ந்தார். 2022இல் வந்த இந்த ஊற்றுநாடலில் கென்னி பிரவுனின் நழுவுகுழல் முன்னே போகிறது; பாடகரின் கரகரத்த குரல் மயங்குசுரங்களைத் தொட்டுத் தொட்டுப் பின்னே வருகிறது. ப்ளூஸ்வழி ராக்கின் முரட்டுத்தனம் ஆவர்பாக்கின் கைவேலை. கால் ஆட்டுவிக்கும் சுழற்சி கிம்ப்ரோ வீட்டுச் சொத்து."

'வீட்டுச் சொத்து' என்பதை வேண்டுமென்றேதான் போட்டேன்.

ஐயா ஒப்புநோக்கித் தர வேண்டும். தம்பி, 'ரிஃப்' என்பதற்கு நீங்கள் போகிறபோக்கில் 'சொற்கட்டு' என்று எழுதியிருந்தீர்கள். மிருதங்கக்காரர்கள் அதை வேறு பொருளில் ஆள்கிறார்களே, பரவாயில்லையா?

-----

பரவாயில்லை என்று சொல்ல முடியாது அக்கா. அது தாளத்தின் சொல். 'சுழல்கட்டு' என்று மாற்றிக்கொள்ளுங்கள். கட்டு அப்படியே இருக்கும், சுழன்று வருவதும் தெரியும். ஐயா சரியென்றால் அதையே வைத்துவிடலாம்.