பாலாய் ராயாவில் துரை ஆனேன்

லயத்துப் பையன்:
மலேசியாவில் சுங்கை சிப்புட் பாலாய் ராயாவில், அதாவது ஊர்ப் பொது மண்டபத்தில், வீட்டுப் பிரச்சினையை நடித்துப் பார்க்கிற விளையாட்டு நடந்தது. அதற்கு வந்தவர்கள் இங்கேயும் இருப்பீர்கள். அட்டை எடுக்கிறோம், அட்டையில் உள்ள ஆளாக மாறுகிறோம். தோட்டம் விற்றுப்போய்விட்டது, லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், இருக்கிற ஜனங்களுக்கு இனி எங்கே வீடு என்று பேசித் தீர்க்க வேண்டும். எனக்குத் துரை அட்டை, தோட்ட நிர்வாகி. குடியிருப்பாளர் அட்டை ஒரு பாட்டிக்கு. நிஜத்திலும் முப்பது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். முறை வந்ததும் எழுந்தார், என் மேசைக்கு இரண்டடி முன்னால் செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். மண்டபத்தில் அத்தனை பேரும் செருப்போடுதான் இருந்தோம். நன்றாக நடிக்கிறார் என்று சிரித்தார்கள். “கோழிக்கூண்டு வைக்க எடம் இருக்குங்களா தொர?” என் அட்டையில் அடுக்குமாடி, 700 சதுர அடி, மூன்று அறை என்று இருந்தது. இல்லை என்றேன். “சரிங்க தொர.” போய் உட்கார்ந்துவிட்டார். என் அம்மாவும் பால்வெட்டுதான்.

செம்பனை அக்கா:
தப்பு உன்மேல் இல்லை தம்பி, ஆள் பார்க்காமல் அட்டை பிரித்ததுதான். எங்கள் மேசையில் இரண்டாம் சுற்றில் மாற்றிக் கொடுத்தார்கள். துரை அட்டை கிடைத்த பெரியம்மா எங்களைக் காலையில் வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டு மாதிரி வரிசையில் நிறுத்தி, “நாளைக்கு லோரி வரும், சாமான கட்டு” என்றார். அட்டையில் அப்படி ஒரு வரியே இல்லை.

பழைய கிராணி:
மாற்றிக் கொடுத்தால் மட்டும்? துரை, அரசாங்கம், டெவலப்பர் எல்லாருக்கும் அட்டை இருக்கிறது. தொழிலாளியே தோட்டத்தை வாங்கும் அட்டை எங்கே? தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், 1960-இல், அன்றைய அமைச்சர் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் ஆரம்பித்தது எதற்கு? அவர் ஊரிலேயே உட்கார்ந்துகொண்டு கூட்டுறவு இல்லாத விளையாட்டு! கேட்டேன், அடுத்த முறை என்றார்கள்.

நாலாம் மாடி:
என் கதை சின்னது. விளையாட்டில் என் அடுக்குமாடிக் கூரை முழுக்க சோலார் போட்டேன், மூன்றாம் சுற்றில் லிஃப்ட் கெட்டது, கையில் காசில்லை. நடத்துகிறவர்கள் கவனிக்க வேண்டும். முதல் சுற்றிலேயே சிங்கிங் ஃபண்ட் அட்டை, பெரிய செலவுக்கான சேமிப்பு நிதி அட்டை, கொடுங்கள். அடுக்குமாடிகளுக்கான 2013 ஸ்ட்ராட்டா நிர்வாகச் சட்டப்படி பராமரிப்புக் கட்டணத்தோடு அதில் 10 விழுக்காடு சேர்த்து அதற்கென்று தனியாகக் கட்ட வேண்டும். வெளிச்சுவர் பெயின்ட், லிஃப்ட் மாதிரிப் பெரிய செலவெல்லாம் அதிலிருந்துதான். ஒரு வீடு கட்டாமல் விட்டால் பக்கத்து வீட்டுக்காரர்தான் இருட்டில் படியேறுவார். பிபிஆர், அதாவது அரசாங்க மலிவு அடுக்குமாடி, வாடகை மாதம் 124 வெள்ளி (ரிங்கிட்). அதைக்கூடக் கட்ட முடியாத மாதம் உண்டு, அந்த மாதத்துக்கும் ஒரு அட்டை போடுங்கள். பிறகு, சோலாரை எல்லார் வீட்டுக்கும் பிரிக்கப் பார்க்காதீர்கள், லிஃப்ட்டுக்கும் படி விளக்குக்கும் விட்டால் கட்டணம் குறையும். வயசானவர்களைக் கீழ்த்தளத்தில் வையுங்கள். தம்பி, கோழி அடுக்குமாடிக்கு ஆகாது, கீழே கீரைப் பாத்தி தருகிறேன் என்றாவது அந்தப் பாட்டியிடம் சொல்லியிருக்கலாம்.

லயத்துப் பையன்:
என் அட்டையில் கீரைப் பாத்தியும் இல்லை அண்ணே. முடிந்து கலையும்போது பாட்டி செருப்பை மாட்டிக்கொண்டு, “எந்தத் தோட்டத்துப் புள்ளப்பா நீ?” என்று கேட்டார். பட்டணம்தான் பாட்டி என்று சொல்லிவிட்டேன்.