புதுப்பிப்பு: பிள்ளைகளுக்கு வீட்டிலேயே பாடம் (கிருஷ்ணகிரி)

ஆறு வயது மகனையும் நாலு வயது மகளையும் வீட்டிலேயே படிக்க வைத்தால் சான்றிதழுக்கு என்ன வழி என்று முன்பு கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் ஜஸாக்கல்லாஹு கைர்.

அந்தக் கவலை ஓரளவு தீர்ந்தது. பள்ளிக்குப் போகாமலே படித்துச் சான்றிதழ் வாங்க வழிசெய்யும் மத்திய அரசின் தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் (NIOS) அடிப்படைக் கல்வியில் ஏ, பி, சி நிலைகள் முறையே 3, 5, 8-ஆம் வகுப்புக்குச் சமம். 14 வயது நிறைந்தால் பத்தாவதும் அங்கேயே எழுதலாம். 2009 கல்வி உரிமைச் சட்டம் வீட்டுக்கல்வி பற்றித் தெளிவாக எதுவும் சொல்லவில்லை என்பது மட்டும் உறுத்துகிறது.

அதிகாலை ஃபஜ்ர் தொழுகைக்குப் பிறகு குர்ஆன் ஓதுகிறார்கள், அப்புறம் தமிழ். கணக்குதான் கொண்டாட்டம். மாமனார் மண்டியிலிருந்து கொண்டுவந்த பெங்களூரா மாங்காயைத் தராசில் வைத்து, கிலோவுக்கு எத்தனை என்று பார்த்தான் மகன். இரண்டு வைத்தால் தட்டு இறங்கவில்லை, மூன்று வைத்தால் தொப்பென்று இறங்குகிறது. “அப்ப ரெண்டரையாம்மா?” என்றான். பின்னப் பாடம் அங்கேயே ஆரம்பம்!

மாமியாருக்கு இன்னும் முழுச் சம்மதம் இல்லை. “புள்ளைங்க நாலு பேரோட பழகணும்மா” என்கிறார். அதுவும் சரிதான். மாலை அஸர் தொழுகைக்குப் பிறகு இருவரும் தெரு மதரஸாவுக்குப் போகிறார்கள். பொழுது சாய்ந்து மக்ரிப் பாங்கு சொன்னால்கூட வீட்டுக்கு வர மனசில்லை.