காய்ச்சல் விட்டவர்களுக்குப் பருத்திப்பால்: பச்சை வாடை வராமல் காய்ச்சுவது

காய்ச்சல் விட்டவருக்குப் பருத்திக்கொட்டையை அரைத்துப் பால் எடுத்துக் காய்ச்சினால் பச்சை வாடை அடிக்கிறது, கட்டியும் தட்டுகிறது, என்ன செய்வது என்ற கேள்விக்கு மூன்று ஊர்க்காரர்கள் சொன்னது:

திருமங்கலத்திலிருந்து:

மதுரையில் தள்ளுவண்டியிலேயே பருத்திப்பால் கிடைக்கும். ஆனாலும் உடம்பு தேறி வருபவருக்கு வீட்டில் காய்ச்சுவதுதான் சரி. பருத்திக்கொட்டை புதுசாக, பூசண வாடை இல்லாமல் இருக்கணும். விதைக்க விற்கும் கொட்டை வேண்டவே வேண்டாம். அதில் பூச்சிமருந்து ஏற்றி, சிவப்பு, பச்சை என்று சாயமும் போட்டிருப்பார்கள். எத்தனை தண்ணீர் விட்டுக் கழுவினாலும் போகாது.

நாலு பேருக்கு 200 கிராம் கொட்டை, 2 மேசைக்கரண்டி பச்சரிசி. கொட்டையை நன்றாக அலசி, மிதக்கும் சொத்தையை எறிந்துவிட்டு ராத்திரி முழுக்க ஊறவையுங்கள். மிக்ஸியை நிறுத்தி நிறுத்தி ஓட்டுங்கள். ஒரேயடியாக ஓட்டினால் கறுப்புத் தொலி பொடியாகிப் பாலோடு வந்துவிடும். மூன்று தடவை பாலெடுத்து மெல்லிய துணியில் வடிகட்டுங்கள். எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் வரலாம். பத்து நிமிஷம் அசையாமல் வைத்தால் அடியில் மண்டி தங்கும். மேலே தெளிந்ததை மட்டும் இறுத்துக்கொள்ளுங்கள்.

பச்சை வாடைக்குக் காரணம் அவசரம்தான். கொதி வந்த பிறகும் சிறுதீயில் 20 நிமிஷம் கிண்டணும். கொட்டையில் காசிபோல் (gossypol) என்ற இயற்கை நச்சு உண்டு. சூட்டில்தான் அதன் வீரியம் குறையும். ருசி பார்க்கக்கூடப் பச்சையாகக் குடிக்காதீர்கள். நன்றாகக் காய்ச்சினாலும் வாரம் ஒன்றிரண்டு தரம் போதும். கர்ப்பிணிகளுக்கு வேண்டாம்.

மேலூரிலிருந்து:

அரிசியைக் கொதிக்கிற பாலில் ஊற்றுவதால்தான் கட்டி தட்டுகிறது. ஊறிய அரிசியை வெண்ணெய் மாதிரி அரைத்து, பால் ஆறியிருக்கும்போதே கரைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். 150 கிராம் கருப்பட்டியைத் தனியாகக் காய்ச்சி வடிகட்டுவதைத் தவிர்க்காதீர்கள், மண் இல்லாத கருப்பட்டி அபூர்வம். அரைத் தேக்கரண்டி சுக்குப்பொடி, மூன்று ஏலக்காய், கால் மூடித் தேங்காய்த் துருவல், எல்லாம் இறக்கும்போதுதான். சர்க்கரை வியாதிக்காரருக்குக் கருப்பட்டியும் சர்க்கரைதான். உப்புப் போட்டுக் கொடுங்கள்.

உசிலம்பட்டியிலிருந்து:

காய்ச்சல் விட்ட அன்றைக்கே இதைக் கொடுப்பதில் எனக்குச் சம்மதமில்லை. கொழுப்புள்ள பானம், வயிறு தாங்காது. முதல் இரண்டு நாளும் நொய்க்கஞ்சிதான். ஒரு பங்கு நொய், கால் பங்கு வறுத்த பாசிப்பருப்பு, பத்துப் பங்கு தண்ணீர், கொஞ்சம் சீரகம்; குழைய வேகவிட்டு உப்புப் போட்டு, இளஞ்சூட்டில் அரை டம்ளராக இரண்டு மணிக்கொரு தரம். பசி என்று அவர்களே கேட்ட பிறகு பருத்திப்பால், அதுவும் முதல் நாள் கால் டம்ளர். பேதி இருந்தால் அது நிற்கும்வரை வேண்டாம்.