‘அம்மம்மா வீடு’ குழுவில்: பெரியக்கா காத்மாண்டுவில் நிற்கிறா

பெரியக்கா: பசுபதிநாதர் தரிசனம் நல்லபடி முடிந்தது. மூலக் கோயிலில் படம் எடுக்க விடமாட்டார்கள். பாக்மதி ஆற்றங்கரையில் எடுத்ததை அனுப்புகிறேன்.

கோண்டாவில் மாமி: அரோகரா! அம்மம்மாவுக்குக் காட்டினேன். கிட்டப் போய்க் கும்பிட்டாளோ என்று கேட்கிறா.

பெரியக்கா: நாலு பக்கமும் வாசல், லிங்கத்துக்கும் நாலு முகம். சுற்றி வந்து எல்லா முகமும் பார்த்தேன். பூசை செய்கிற பட்டர்கள் கர்நாடகத்துக்காரர் என்று அம்மம்மாவுக்குச் சொல்லுங்கோ, சந்தோசப்படுவா.

கொக்குவில் சித்தப்பா: 2015 நிலநடுக்கத்திலே அந்தக் கோயில் தப்பினதாமே?

பெரியக்கா: ஓம் சித்தப்பா, மூலக் கோயிலுக்குப் பெரிய சேதமில்லை. ஆனால் ஊரில் ஏப்ரல் 25 என்று சொன்னாலே முகம் மாறுகிறது. 7.8 அளவு நடுக்கம், நாடு முழுக்க ஏறக்குறைய 9,000 சனம் செத்தது. அன்றைக்குச் சனிக்கிழமை, இங்கே பள்ளிக்கூட விடுமுறை. இல்லாவிட்டால் பிள்ளைகளை நினைக்கவே ஏலாது என்று எங்கட வான் சாரதி சொன்னார்.

சின்னத்தம்பி: அக்கா, அந்த உயரமான கோபுரம் பார்த்தீங்களா? தரகரா?

பெரியக்கா: பார்த்தேன். 1934இல் விழுந்து, திரும்பக் கட்டி, 2015இல் மறுபடி விழுந்தது. மேலே ஏறி நின்ற சனமும் அதோடு போனது. இப்ப 22 மாடி, கொங்கிறீட், லிஃப்ட். பழைய அடிக்கட்டையைப் பக்கத்தில் விட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தக் கட்டைதான் கோபுரம். புதுசு தண்ணீர்த் தாங்கி மாதிரி.

சின்னத்தம்பி: படத்தில் வடிவாத்தானே இருக்கு!

கொக்குவில் சித்தப்பா: பிள்ளை, வடிவு பார்த்துக் கட்டினால் மூன்றாந் தரமும் விழும். மண்சாந்தும் செங்கல்லும் ஆட்டத்துக்குத் தாங்காது. கம்பி போட்ட கொங்கிறீட்தான் சரி.

பெரியக்கா: நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். பிறகு பக்தபூருக்குப் போனோம். அங்கே நியாத்தபோலா என்று ஐந்து அடுக்குக் கோயில், 1702இல் கட்டினது. செங்கல்லும் மரமும்தான். 1934ஐயும் பார்த்தது, 2015ஐயும் பார்த்தது, இன்றைக்கும் நிற்கிறது. இதுக்கு என்ன சொல்கிறீங்கள்?

கொக்குவில் சித்தப்பா: அத்திவாரம் நல்லா இருந்திருக்கும்.

பெரியக்கா: அத்திவாரக் கதை என்றால் காத்மாண்டுவில் இருக்கிற காஷ்டமண்டபத்தைக் கேளுங்கோ. முழுக்க மரத்தால் ஆன பெரிய மண்டபம். ஒரே மரத்தில் கட்டினது என்று ஐதீகம். 2015இல் அப்படியே இடிந்து விழுந்துவிட்டது. பிறகு தொல்லியல்காரர் தோண்டினால், அத்திவாரம் 7ஆம் நூற்றாண்டு, அசையாமல் கிடக்குது. நாலு பெரிய தூணுக்கும் அடியில் கல்லுப் பீடம், தூணின் அடியில் செதுக்கின முளை, கழுந்து என்கிறது, கல்லின் துளைக்குள் இறங்க வேணும். ஒரு தூண் மட்டும் இறங்கவில்லையாம். 1960களில் திருத்தினபோது கவனிக்காமல் மேலே தளம் போட்டு மூடிவிட்டார்கள்.

கொக்குவில் சித்தப்பா: அடப் பாவமே. தூணின் கால் இருக்கையில் இல்லை என்றால் மேலே எவ்வளவு உத்தரம் போட்டும் பிரயோசனமில்லை.

கொக்குவில் சித்தப்பா: பழைய வேலைக்காரனில் பிழையில்லை. திருத்த வந்தவனில் பிழை.

பெரியக்கா: அதைத்தான் சொல்கிறேன்! ராணி போக்கரி என்று நகர நடுவில் குளம், நடுவிலே கோயில். அதைத் திருத்த நகரசபை கொங்கிறீட் கொட்டத் தொடங்கினதும் சனம் தெருவில் இறங்கி நிற்பாட்டிவிட்டது. பிறகு செங்கல்லும் களிமண்ணும் வைத்து 2020இல் முடித்தார்கள்.

கோண்டாவில் மாமி: கேட்க ஆசையாக் கிடக்கு. நாங்கள் நல்லூரில் பழைய மந்திரிமனைக்கு முட்டுக் கொடுத்ததோடு நிற்கிறோம்.

சின்னத்தம்பி: யாழ்ப்பாண நூலகத்தைத் திரும்பக் கட்டித் திறந்தோம்தானே மாமி.

கோண்டாவில் மாமி: கட்டடத்தைத் திறந்தோம். 81இல் எரிந்த ஏட்டை யார் திறக்கிறது?

பெரியக்கா: அது சரி மாமி. இங்கே விழுந்த மரத்தையாவது பொறுக்கி எடுத்திருக்கிறார்கள். இந்தப் படத்தைப் பெருப்பித்துப் பாருங்கோ. கூரையைத் தாங்குகிற சாமிச் சிற்பம். முழங்கை வரைக்கும் பழைய மரம், கறுப்பு. அதுக்குக் கீழே கை புது மரம், வெளிர் நிறம். மை பூசி மறைக்கவும் இல்லை. விரல் நகம் வரைக்கும் செதுக்கியிருக்கிறான்.

கொக்குவில் சித்தப்பா: ஆசாரி கைகாரன்.

பெரியக்கா: எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைக்காதேங்கோ. உள் ஒழுங்கைகளில் இன்னும் சுவருக்கு மரம் முட்டுக் கொடுத்த வீடுகள் இருக்கு. ஒரு முட்டுத் தடியில் ஒரு அம்மா மிளகாய்க் கோர்வை காயப்போட்டிருந்தா. அந்தச் சுவருக்குக் கீழாலே போக எனக்குக் கால் கூசினது, அவ ஆறுதலாக இருந்து பேன் பார்க்கிறா.

சின்னத்தம்பி: சாப்பாடு?

பெரியக்கா: பக்தபூர்த் தயிர். எருமைப் பால், மண்சட்டி, சீனி போட்டே உறைய வைக்கிறார்கள். வன்னித் தயிருக்குக் கிட்ட வராது, ஆனாலும் இரண்டு சட்டி முடித்தேன்.

கோண்டாவில் மாமி: அம்மம்மாவுக்கு உருத்திராக்க மாலை மறக்காதே. கோயில் வாசலில் விலை பேசி வாங்கு, சொல்கிற விலைக்குத் தலையாட்டாதே.

கொக்குவில் சித்தப்பா: பிள்ளை, நாளைக்கு அந்தத் திரும்பக் கட்டின காஷ்டமண்டபப் பக்கம் போனால் தூண் அடியைக் கிட்ட நின்று ஒரு படம் எடு. அளவு தெரிய ஒரு செருப்பைப் பக்கத்தில் வை.

பெரியக்கா: சித்தப்பா, அது சாமி இருக்கிற மண்டபம்!

கொக்குவில் சித்தப்பா: அப்ப பேனையை வை.