கன்ட்ரோலர் அதிர்வது வெறும் அலங்காரமாம்!

பொத்தான்புலி:
"கேம் நம்மிடம் பேசுவது கண் வழியாகவும் காது வழியாகவும் மட்டும்தான், கன்ட்ரோலர் அதிர்வது வெறும் அலங்காரம்" என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருக்கிறார், அதற்கு ஏகப்பட்ட லைக் வேறு. 1997இல் நிண்டெண்டோ 64 கேம் கருவிக்கு, கன்ட்ரோலரில் செருகினால் அதை அதிரவைக்கும் ரம்பிள் பேக் வந்த நாளிலிருந்து கேம் கையோடும் பேசுகிறது ஐயா.

நிழல்வீரன்:
அந்த மேதாவி நான்தான். 2006இல் பிளேஸ்டேஷன் 3 வந்தபோது கன்ட்ரோலரில் அதிர்வே கிடையாது. யாராவது ஆட முடியாமல் தவித்தார்களா?

பொத்தான்புலி:
ஏன் கிடையாது என்று தெரியுமா? அதிர்வுத் தொழில்நுட்பத்துக்காக இம்மர்ஷன் நிறுவனத்தோடு, பிளேஸ்டேஷனைச் செய்யும் சோனிக்குக் காப்புரிமை வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. 2007இல் சமரசம் ஆனது, அதே ஆண்டே டூயல்ஷாக் 3 கன்ட்ரோலர் அதிர்வோடு வந்துவிட்டது. வெறும் அலங்காரத்துக்கா இவ்வளவு அவசரம்?

நிழல்வீரன்:
வழக்குக் கதை எனக்கெதற்கு? அதிர்வு இல்லை, ஆட்டம் நடந்தது. அவ்வளவுதான்.

பழையகாசு:
1997 என்ன பெரிய தொடக்கமா? 1976லேயே சேகா நிறுவனத்தின் மோட்டோ கிராஸ் என்ற, கடைகளில் காசு போட்டு ஆடும் ஆர்கேடு கேமில் வண்டி மோதினால் கைப்பிடி அதிரும். வரலாறு பேசுகிறவர்கள் முழுதாகப் பேசுங்கள்.

பொத்தான்புலி:
நான் வீட்டில் ஆடுவதைப் பற்றிச் சொன்னேன். போன தடவையும் இப்படித்தான் நடுவில் புகுந்து ஆண்டு திருத்தினீர்கள், மறக்கவில்லை.

யாழ்:
காதை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். 1978இல் வந்த ஸ்பேஸ் இன்வேடர்ஸில் எதிரிகள் குறையக் குறைய அந்த நான்கு சுரமும் வேகமெடுக்கும், நெஞ்சு படபடக்கும். தி லாஸ்ட் ஆஃப் அஸ் இரண்டாம் பாகத்தைப் பார்வையற்றவர்கள் ஒலிக்குறிப்புகளை வைத்து ஆடி முடித்திருக்கிறார்கள்.

நிழல்வீரன்:
அதைத்தான் நானும் சொல்கிறேன், காது போதும்!

பொத்தான்புலி:
காது கேட்காதவருக்கு? அதே ஆட்டத்தில் அதிர்வுக் குறிப்புகளும் வைத்திருக்கிறார்கள், அதை மட்டும் வசதியாக விட்டுவிடுங்கள். கார் பந்தயத்துக்கான நல்ல ஸ்டீயரிங் வைத்து ஆடியிருந்தால் தெரியும், முன் டயர் பிடி இழந்ததும் சக்கரம் கையில் லேசாகிவிடும், வண்டி வழுக்குவதைத் திரையில் கண் பிடிப்பதற்குள் கை திருத்தத் தொடங்கியிருக்கும். 2020இல் வந்த டூயல்சென்ஸ் கன்ட்ரோலரில், கேமில் வில்லை இழுத்தால் விரலால் அழுத்தும் ட்ரிகர் பொத்தானே இறுகுகிறது, அதுவும் அலங்காரமா? கீபோர்டைத் தட்டிக்கொண்டு கணினியில் ஆடுகிறவரிடம் இதையெல்லாம் சொல்லி என்ன பயன்.

நிழல்வீரன்:
ஓ, இப்போது கீபோர்டு மேல் பாய்கிறீர்களா? மவுஸ் வைத்துக் குறிபார்க்கும் ஒருவரோடு மோதிப் பாருங்கள், உங்கள் கன்ட்ரோலர் பயத்தில் தானாகவே அதிரும்.

யாழ்:
சிரித்துவிட்டேன், மன்னிக்கவும் புலி.

பொத்தான்புலி:
சிரியுங்கள். குறி தப்பாமல் சுடுவது வேறு, கேம் சொல்வதை உணர்வது வேறு. ஒன்று கேட்டால் இன்னொன்றுக்குத் தாவுவது இவருக்குப் பழக்கம்.

நிழல்வீரன்:
தாவவே இல்லை, அங்கேயேதான் நிற்கிறேன். பிளேஸ்டேஷன் 3, 2006, அதிர்வு இல்லை. யார் தவித்தார்கள்? ஒரே ஒரு ஆளைச் சொல்லுங்கள்.

பொத்தான்புலி:
நான் தவித்தேன். போதுமா?

பழையகாசு:
அப்போது உங்களிடம் பிளேஸ்டேஷன் 3 இருந்ததா முதலில்?