தாமரைத் தொட்டி வைத்துக் கொடுப்பவரின் பாடு

கன்னங்குறிச்சியிலிருந்து:

ஏற்காடு அடிவாரத்தில் தாமரையும் அல்லியும் வளர்த்து, வீடுகளுக்குத் தொட்டி வைத்துக் கொடுப்பது என் பிழைப்பு. செடி ஒரு தொல்லையும் தராது. வாங்கினவர்கள்தான் கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாட்டார்கள். "தண்ணி பச்சையா ஆயிடுச்சுண்ணா, மாத்திட்டோம், மறுபடியும் பச்சையாகுது" என்று யாராவது போன் செய்துகொண்டே இருப்பார்கள். புதுத் தொட்டியில் மண்ணின் சத்து தண்ணீரில் கரையும், மேலே நல்ல வெயில், பாசி வராமல் என்ன செய்யும்? இலைகள் படர்ந்து பாதிக்கு மேல் மூடினால் உள்ளே வெளிச்சம் குறைந்து தானாகத் தெளியும். மாற்றினால் எல்லாம் முதலிலிருந்து. வற்றின அளவுக்கு ஊற்றிக்கொண்டு வந்தால் போதும்.

அஸ்தம்பட்டியில் ஓர் அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் தொட்டியைக் காலி செய்து, தேங்காய் நார் போட்டுத் தேய்த்து, மஞ்சள் குங்குமம் வைத்துவிடுவார். செடி வளரவே இல்லை. சேற்றில்தானேம்மா செந்தாமரை என்றேன். "அது ஏரியில தம்பி, இது வீடு" என்றார். பதில் சொல்ல முடியவில்லை. வெளிப்பக்கம் உங்களுடையது, உள்பக்கம் என்னுடையது என்று ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தோம். வெயில் ஏறியதும் மொட்டு வந்தது. முதல் நாள் காலையில் லேசாக வாய் திறந்து, கொஞ்ச நேரத்தில் மூடிக்கொண்டது. உடனே போன்: "பூ வீணாப் போச்சு தம்பி." தாமரை முதல் நாள் அப்படித்தான், நாளைக்குப் பாருங்கள் என்றேன். மறுநாள் விரியத் திறந்த பூவைப் போட்டோ எடுத்துச் சொந்தக்காரர்களுக்கெல்லாம் அனுப்பிவிட்டார்.

மழைக்காலத்தில் டெங்கு தடுப்பு வேலைக்கு வரும் அக்காக்கள் வேறு கதை. தேங்கின தண்ணீர் என்றாலே கவிழ்க்கச் சொல்வார்கள், அவர்கள் வேலை அது. ஒரு வீட்டில் நான் இருக்கும்போதே ஓர் அக்கா மருந்து பாட்டிலோடு வந்தார். கொஞ்சம் பொறுங்கள் என்று, பக்கத்தில் கிடந்த பழைய டயரிலிருந்து ஒரு கரண்டி தண்ணீரைப் புழுவோடு மொண்டு தொட்டியில் ஊற்றினேன். இலைக்கு அடியிலிருந்து கப்பி மீன்கள் பாய்ந்து வந்தன. டார்ச் அடித்துப் பார்த்தார், ஒரு புழு மிஞ்சவில்லை. டயரைக் கவிழ்த்துவிட்டு, "எங்க வீட்டுத் தொட்டிக்கு நாலு மீன் குடுங்கண்ணா" என்று கவரில் வாங்கிப்போனார். கார்ப்பரேஷன் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் வாளியில் வைத்த பிறகே மீன் விடச் சொல்லி அனுப்பினேன்.

ஏற்காட்டிலிருந்து:

எங்கள் எஸ்டேட் பங்களாவில் சில்வர் ஓக் நிழலில் ஒரு தாமரைத் தொட்டி இருக்கிறது. இலை வருகிறது, பூ இல்லை. போன வருஷம் ராத்திரியில் காட்டெருமை வந்து தண்ணீரைக் குடித்து, நான்கைந்து இலையையும் தின்றுவிட்டுப் போனது. காலையில் பார்த்தால் சேறு மட்டும்தான். தோட்டக்காரர் எருமைமேல் பழி போடுகிறார். எனக்கென்னவோ அதற்கு முன்பும் பூத்த ஞாபகம் இல்லை.

கன்னங்குறிச்சியிலிருந்து:

எருமை பாவம். தாமரைக்கு நேர் வெயில் ஐந்தாறு மணி நேரமாவது வேண்டும். 1,500 மீட்டர் உயரத்துக் குளிரில், அதுவும் மர நிழலில், அது இலையோடு நின்றுவிடும். வெயில் விழும் இடத்துக்கு மாற்றிப் பாருங்கள். முடியாதென்றால் குளிர் தாங்கும் அல்லி ரகம் வையுங்கள். அதற்கும் வெயில் வேண்டும், ஆனால் குளிருக்கு அவ்வளவு சுணங்காது. மண் களிமண்ணாகவே இருக்கட்டும், தேங்காய் நார்த்தூள் கலந்த நர்சரி மண் மிதந்து தண்ணீரைக் கலக்கிவிடும். மாற்றும்போது கிழங்கின் குருத்து நுனியில் விரல் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அது ஒடிந்தால் அந்தக் கிழங்கு தேறுவது கஷ்டம்.

இன்னொன்று, மார்கழியில் இலை காய்ந்தால் செத்துப்போச்சு என்று கொட்டிவிடாதீர்கள். இங்கே ஒரு கல்யாண மண்டபத்தில் அப்படித்தான் மொத்தத் தொட்டியையும் குப்பையில் கவிழ்த்துவிட்டார்கள். அந்த வழியாகப் போன நான் சேற்றைக் கிளறினேன். கிழங்கு கல்லு மாதிரி இருந்தது. எடுத்து வந்து தை கடைசியில் நட்டேன். சித்திரையில் முகூர்த்தத்துக்குப் பூத்த தொட்டி வேண்டும் என்று அதே மண்டபத்திலிருந்து கேட்டார்கள், அதையே கொண்டுபோய் வைத்தேன். காசு வாங்கினேனா என்று மட்டும் கேட்காதீர்கள்.